பூட்ஸுக்கு மேல் சலங்கை

பள்ளிக்கூடத்தில் பொங்கல் விழா என்றால் எனக்கு ஒரு வேலை உண்டு. செருப்புக்குக் காவல். மற்ற பெண்கள் எல்லாம் செருப்பைக் கழற்றிக் குவித்துவிட்டு மைதானத்தில் வட்டமாக நின்று கும்மி அடிப்பார்கள். டீச்சர் என்னைப் பார்த்து, "நீ இங்க குந்திக்கினு இதெல்லாம் பாத்துக்கம்மா, நாய் கீய் தூக்கிக்கினு போயிடப்போவுது" என்பார். வருடா வருடம் அதே வேப்பமரம், அதே குவியல். நாய் ஒரு தடவைகூட வரவில்லை. கும்மிப் பாட்டு எனக்கு முழுசாகத் தெரியும். எந்த இடத்தில் குனிய வேண்டும், எந்த இடத்தில் கை தட்ட வேண்டும் என்று தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை.

இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. பரிதாபம் எனக்கு வேண்டிய அளவு கிடைத்துவிட்டது, வீட்டில் வைக்க இடமில்லை.

கைக்குழந்தையாக இருக்கும்போதே எனக்குப் போலியோ வந்தது. இடது கால் போனது. காலிப்பர் போட்டுத்தான் நடக்கிறேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: காலிப்பர் என்பது ஒரு தோல் பூட்ஸ், அதிலிருந்து காலின் இரண்டு பக்கமும் மேலே போகும் இரும்புக் கம்பி, தொடையில் ஒரு தோல் பட்டை. முட்டி இருக்கும் இடத்தில் ஒரு லாக். எழுந்து காலை நீட்டினால் அது 'டக்' என்று விழும். கால் மடங்காது, நிற்கலாம். உட்கார வேண்டுமானால் கையால் லாக்கைத் தூக்கிவிட வேண்டும். பூட்ஸும் கம்பியும் ஒரே பொருள். பூட்ஸை மட்டும் தனியாகக் கழற்ற முடியாது. எல்லாவற்றையும் கழற்றினால் என் கால் ஈரத்துணி மாதிரி மடிந்துவிடும்.

இவ்வளவுதான் விஷயம். இதை நான் நாற்பது வயதுக்குள் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்று தெரியாது. ஒரு கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்ளும் ஆள், "யம்மா, செருப்ப வுட்டுட்டுப் போ" என்றான். செருப்பு இல்லை, கால் என்றேன். "எல்லாரும் இப்படித்தான் இன்னாத்தையாவது சொல்றீங்க" என்றான். எல்லாருமா? எனக்கு முன்னால் எத்தனை பேர் இரும்புக்காலோடு வந்து அவனிடம் பொய் சொன்னார்களோ. கழற்றிக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்தபடியே தரையில் தேய்த்துக்கொண்டு போய்க் கும்பிட்டேன். திரும்பி வரும்போது ஒரு பெண்மணி என் கையில் காசு போட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு நான் எந்தக் கோயிலுக்கும் உள்ளே போவதில்லை. சாமிக்கு வேண்டுமானால் வெளியே வரட்டும்.

முன்பு எங்களை நொண்டி என்பார்கள். இப்போது மாற்றுத்திறனாளி என்கிறார்கள். பெயரை மாற்றினார்கள், படியை மாற்றவில்லை. திண்டிவனத்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கால் வராதவர்களுக்கு ஜெராக்ஸ் கடை என்று யார் முடிவு செய்தார்களோ, எனக்குத் தெரிந்த நொண்டிகளில் பாதிப்பேர் ஜெராக்ஸ் கடைதான்.

அந்தக் கடையில்தான் என் தங்கை மகள் ஆட ஆரம்பித்தாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஆட்டிசம். தங்கை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ரோட்டில். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் பெண் என் கடைக்கு வந்துவிடுவாள். சொந்தமாகப் பேசுவது குறைவு. ஆனால் பஸ் ஸ்டாண்டில் கேட்டதை எல்லாம் அப்படியே சொல்வாள். "திருவக்கரை, திருவக்கரை, திருவக்கரை! படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ! போலாம் ரைட்!" குரல், இழுப்பு, எரிச்சல் எல்லாம் கண்டக்டரேதான். மிக்ஸி சத்தம் ஆகாது. குக்கர் விசில் ஆகாது. மைக் செட் என்றால் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விடுவாள். ஆனால் ஜெராக்ஸ் மெஷின் ஓடும்போது அந்தச் சத்தத்துக்குச் சரியாகக் காலைத் தட்டுவாள். பேப்பர் சிக்கி மெஷின் நின்றால் அவள் காலும் நின்றுவிடும்.

டான்ஸ் கிளாஸில் சேர்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். தங்கை, "யக்கா, யாருக்கா சேத்துப்பாங்க" என்றாள். அவள் சொன்னதுதான் நடந்தது. ஒருவர், "மத்த பேரண்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்கம்மா" என்றார். மத்த பேரண்ட்ஸை அவர் கேட்கவே இல்லை. இன்னொருவர், "யோகா டிரை பண்ணுங்களேன்" என்றார். மூன்றாவது ஆள் ரொம்ப நல்ல மாதிரிப் பேசினார். "இவங்களுக்கெல்லாம் டான்ஸ் ஒரு தெரபிங்க. தனியா கூட்டிக்கினு வாங்க, தெரபி மாதிரிப் பண்ணலாம்" என்றார். எனக்கு அவர் மேல்தான் அதிகக் கோபம் வந்தது. மற்ற பிள்ளைகள் ஆடினால் கலை. இவள் ஆடினால் வைத்தியமா? காய்ச்சலுக்கு மாத்திரை மாதிரியா அவள் காலைத் தட்டினாள்? அவளுக்குப் பிடித்தது, தட்டினாள்.

கடைசியில் ஒருவர் சரி என்றார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். வீட்டுக்குப் பக்கத்தில் கார் நிறுத்தும் ஷெட்டில் சனிக்கிழமைகளில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்தார். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். ஒரே நிபந்தனை: பெண்ணோடு யாராவது கூடவே இருக்க வேண்டும். கடையைச் சாத்திவிட்டு நான் போனேன்.

முதல் நாள் ஷெட் வாசலில் என் பூட்ஸைப் பார்த்துத் தயங்கினார். உள்ளே நடராஜர் படம் மாட்டியிருந்தது. "அக்கா, உள்ள ஷூ…" என்றார். "இது ஷூ இல்ல மேடம், காலு" என்றேன். உள்ளே போய் ஒரு ஈரத்துணி கொண்டுவந்து கொடுத்தார். "அடியில துடைச்சிட்டு வாங்கக்கா." துடைத்துவிட்டுப் போனேன். அழுக்குதான் பிரச்சினை என்றால் துணி போதும். அந்த ஈரத்துணி ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் எனக்காகத் தொங்கியது. இதை நான் மறக்கவில்லை. பின்னால் அவரைத் திட்டப்போகிறேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பத்தில் பெண் ஆடவே இல்லை. ஸ்பீக்கரில் பாட்டு போட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓரத்தில் குந்திவிடுவாள். மற்ற பிள்ளைகள் சிரிக்கும். மேடம் அவளை விட்டுவிடுவார். ஒரு சனிக்கிழமை கரண்ட் போனது. ஸ்பீக்கர் நின்றது, டியூப் லைட் நின்றது, ஃபேன் நின்றது. மேடம் தட்டுக்கழியை எடுத்தார். தாளம் போட மரப்பலகையில் அடிக்கும் ஒரு சின்னக் கம்பு, அவ்வளவுதான். "தெய்யா தெய்" என்று அடித்தார். பெண் காதிலிருந்து கையை எடுத்தாள். அவளைக் கூப்பிடலாம் என்று நான் எழுந்தேன். முட்டி லாக் விழுந்தது, 'டக்'. அவள் என் பூட்ஸைப் பார்த்தாள். தன் காலைத் தட்டினாள். நான் பூட்ஸைத் தரையில் தட்டினேன். அவளும் தட்டினாள். மேடம் பலகையில் அடித்தார், நான் தட்டினேன், அவள் தட்டினாள். பிசகவில்லை.

மேடம் அடிப்பதை நிறுத்தவே இல்லை. அடித்துக்கொண்டே, "அக்கா, அங்கயே நில்லுங்க. அவ உங்க காலைத்தான் பாக்குறா. நீங்களும் ஆடுங்க" என்றார்.

"எனக்கு அரைமண்டி வராது மேடம்." முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்பதுதான் அரைமண்டி. அது இல்லாமல் பரதம் இல்லை என்பார்கள்.

"வராதுதான். வர்றதப் பண்ணுங்க."

ஊனமுற்றவர்களுக்கு டான்ஸ் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று யாராவது கேட்டால் நான் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்வேன். இதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஸ்பீக்கரைக் குறை. மினுக்கும் டியூப் லைட்டை அணை. அவள் நிற்கும் இடத்தை வாரா வாரம் மாற்றாதே. புதுசாக ஒன்று செய்வதற்கு முன்னால் சொல்லிவிட்டுச் செய். நடுவில் எழுந்து வெளியே போனால் போகவிடு, அவளே வருவாள். வந்தாள். இதற்கு எந்தத் திட்டமும் எந்த அதிகாரியும் தேவைப்படவில்லை. ஒரு கரண்ட் கட் போதுமாக இருந்தது.

நான் வலது காலை மடக்கி, இடது காலை நேராக வைத்து ஆடினேன். பூட்ஸ் தரையில் விழும் சத்தம் மற்ற பிள்ளைகளின் வெறுங்கால் சத்தத்தைவிடக் கனமாக இருக்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஆடினாள். நான் ஒரு வாரம் காய்ச்சலில் போகவில்லை. தங்கை கூட்டிக்கொண்டு போனாள். பெண் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "உள்ள போ, உள்ள போ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். ஆடவில்லை.

விஜயதசமிக்குச் சலங்கை பூஜை வைத்தார் மேடம். முதல் முறை சலங்கை கட்டப்போகிறவர்களுக்கான பூஜை அது. சலங்கைகளைத் தட்டில் வைத்து நடராஜர் முன்னால் வைப்பார்கள். பெரியவர்கள் கையால் எடுத்துக் கொடுப்பார்கள். அதன்பிறகுதான் சலங்கை கட்டி மேடையில் ஆடலாம். விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்தார்கள். மேடம் தனக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டரை அழைத்திருந்தார். "அக்கா, உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் தட்டு வைக்கிறேன்" என்றார்.

பெண்ணுக்குச் சலங்கை வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து அவள் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். மிக்ஸி சத்தம் ஆகாதவளுக்குச் சலங்கைச் சத்தம் ஆகிறது. காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிக்கொண்டே இருப்பாள்.

விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. கடையில் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பொட்டு, லேமினேஷன் மெஷினுக்குப் பொட்டு, கத்திரிக்கோலுக்குப் பொட்டு. கடைசியில் என் காலிப்பருக்கு. வருடா வருடம் வைப்பதுதான். பூட்ஸின் முனையில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். என்னைத் தூக்கிக்கொண்டு நடப்பது அதுதானே, வேறு எதற்கு வைப்பேன்?

மறுநாள் காலை தங்கை, பெண், நான் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். பஸ் முகத்தில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். டயருக்குக்கூடச் சந்தனம் பூசியிருந்தது. பெண் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மடியில் சலங்கைப் பையை வைத்துக்கொண்டு, கண்டக்டரோடு சேர்ந்து, "விழுப்புரம், விழுப்புரம்" என்று கூவிக்கொண்டு வந்தாள். கண்டக்டர் சிரித்தார். "பாப்பா, நாளைக்கு நீயே வந்துடு, நான் லீவு போட்டுக்கினு வூட்ல படுக்கிறேன்."

மண்டபத்தில் மேடைக்குப் படி. கைப்பிடி இல்லை. அது எனக்குப் புதுசு இல்லை, தங்கை தோளைப் பிடித்து ஏறிக்கொள்ளலாம். மைக் செட் ஆள் விழுப்புரத்தை ஒட்டிய காணை ஊர்ப் பக்கத்துக்காரர். பெரிய பெரிய பாக்ஸாக அடுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், எங்கள் ஐட்டத்துக்கு மட்டும் சத்தத்தைக் குறைக்க முடியுமா, இவளுக்கு ஆகாது என்றேன். "அவ்ளோதானாக்கா? நான்கூட இன்னாவோன்னு பயந்துட்டேன்" என்றார். "இத்தினி வருசத்துல கொறைன்னு சொன்ன மொத ஆளு நீதான்க்கா. காதுகுத்துல காதே கிழிஞ்சாக்கூட ஏத்துன்னுதான் சொல்வானுங்க." அவருக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஆட்டிசம் என்ற வார்த்தை அவருக்குத் தெரிந்திருக்காது. கேட்டோம், செய்தார்.

பூஜைக்கு முன்னால் ஒரு தடவை கட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று மேடம் சொன்னார். மேடைக்குக் கீழேயே பெண்ணுக்கு இரண்டு காலிலும் கட்டினேன். எனக்கு வலது காலில் கணுக்காலில் கட்டினேன். இடது காலில் பூட்ஸின் கழுத்துக்கு மேலே, இரண்டு கம்பியையும் சுற்றி மேடமே குனிந்து கட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து மாஸ்டர் வந்தார். அறுபது வயது இருக்கும். பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதி. நேராக என் காலைப் பார்த்தார். கேட்டது மேடத்தை.

"என்னம்மா இது? சலங்கையைச் செருப்பு மேல கட்டிக்கிட்டு இருக்கே?"

"சார், அது செருப்பு இல்ல சார், காலிப்பர்…"

"எதுவா இருந்தா என்ன? மேடையில சாமி இருக்கு. பூமியைத் தொட்டுக் கும்பிட்டு ஆடுற கலை இது. கழட்டச் சொல்லு."

"கழட்டினா நான் நிக்க முடியாது சார்" என்றேன்.

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். கோபமாகப் பேசவில்லை. அன்பாகத்தான் பேசினார், அதுதான் எரிந்தது. "அப்ப உக்காந்துக்கங்கம்மா. நல்ல சேரா ஒண்ணு போடச் சொல்றேன். முத்திரை மட்டும் பிடிங்க. பாக்குறவங்களுக்கு அழகா இருக்கும்."

"இந்தப் பொண்ணு என் காலைப் பாத்துத்தான் சார் ஆடுவா. நான் உக்காந்தா அவ ஆட மாட்டா."

"அப்ப அந்தப் பொண்ணு எதுக்கும்மா ஆடணும்?"

இதைச் சொல்லும்போது பெண் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குப் புரியாது என்று நினைத்தார். அவளுக்கு எல்லாம் புரியும். வாயால் திருப்பிச் சொல்லாதவர்களுக்குக் காது இல்லை என்று இவர்களிடம் யார் சொன்னது?

"சார், சலங்கை எதுல தைச்சிருக்கு?" என்றேன்.

"என்ன?"

"மணி எல்லாம் எதுமேல தைச்சிருக்கு? தோலு. மாட்டுத் தோலு. என் பூட்ஸும் மாட்டுத் தோலுதான். அதோ மேல மிருதங்கம் வச்சிருக்கீங்களே, அதுல இன்னா வாழை இலையா கட்டியிருக்கு?"

மேடையில் இருந்த மிருதங்கக்காரர் தன் வாத்தியத்தைச் சுருதி சேர்ப்பதில் திடீரென்று மும்முரமானார்.

"அது வேற, இது வேறம்மா. அது வாத்தியம்."

"இது என் காலு. நேத்து இதுக்குப் பொட்டு வச்சுக் கும்புட்டுட்டுத்தான் வந்திருக்கேன், பாருங்க, குங்குமம் இன்னும் இருக்கு. வெளிய போய்ப் பாருங்க சார், பஸ் டயருக்குச் சந்தனம் பூசியிருக்கான். எதையெதை மிதிச்ச டயரு அது? அத்தக் கும்புடலாம், இத்தக் கும்புடக் கூடாதா?"

"விதண்டாவாதம் பண்ணாதீங்கம்மா."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைக்கும் அவரிடம் பதில் இல்லை. ஆனால் பதில் இல்லாதவர் தோற்றதாக இந்த ஊரில் கணக்கு இல்லை. கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கு ஒரு யோசனை. மேடம், "சார், ஒரு பட்டுத் துணி சுத்திடலாமா?" என்றார். ஒரு பெண்ணின் அம்மா, "பாவம்ங்க, ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு ஷீல்டு குடுத்துடுங்க, சந்தோஷமாப் போவட்டும்" என்றாள். ஆடாமலேயே ஷீல்டு. எதற்கு? வந்ததற்கா? இன்னொரு பெண்ணின் அப்பா கையில் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு, "இதுக்கு ஏம்மா இவ்ளோ பேஜாரு? அந்தப் பாப்பாவ ஜல்தியா மேல ஏத்தி நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்து உட்டுடுங்க, முடிஞ்சுது" என்றார்.

தங்கை பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "யக்கா, வாக்கா, பூடலாம். எனக்கு வேணாம்கா இது." அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் பெண் மேடைப் படியில் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றாள். சலங்கைக் காலைப் படியில் தட்டினாள். கூட்டத்தைப் பார்த்துக் கண்டக்டர் குரலில் கத்தினாள்: "படியில நிக்காத! உள்ள போ, உள்ள போ!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாஸ்டர்கூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஜோக் சொல்லவில்லை. அவளிடம் இருந்த வார்த்தையில் கேட்டாள், அவ்வளவுதான்.

மேடம் மாஸ்டரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, ஒரு வழி பண்ணிட்டேன். பூஜை, ஐட்டம் எல்லாம் முடியட்டும். மாஸ்டர் கிளம்பிடுவாரு. அப்புறம் சாமியை மேடையிலேருந்து இறக்கிடுறோம். அதுக்கப்புறம் நீங்க ஷூவோட ஏறிக்கலாம். யாருக்கும் ஒண்ணும் பிரச்சினையில்ல."

அவர் உண்மையாகவே இதை ஒரு நல்ல தீர்ப்பு என்று நினைத்தார். பூட்ஸ் ஏறக்கூடாது, ஆகவே சாமி இறங்கட்டும்! என் காலை அப்படியே பார்ப்பதைவிட, நடராஜரைத் தூக்கி வேறு அறையில் வைப்பது இவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது. நான் பெண்ணைப் பார்த்தேன். அவள் இன்னும் படியில்தான் நின்றாள். அவளுக்காகச் சரி என்றேன். அப்போதும் எனக்கு ஒத்துக்கொள்ள மனசில்லை, இப்போதும் இல்லை.

சலங்கையை அவிழ்த்து வாங்கிக்கொண்டு, வரிசையிலிருந்து எங்கள் இரண்டு தட்டையும் எடுத்துவிட்டார்கள். மற்ற தட்டுகளை நெருக்கி வைத்து இடைவெளி தெரியாமல் செய்தார்கள். ஒவ்வொரு பெண்ணாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மாஸ்டர் சலங்கை கொடுத்தார். எங்கள் பேரைக் கூப்பிடவில்லை. ஸ்பீக்கர் சத்தம் தாங்காமல் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே வந்து, வாழைமரம் கட்டியிருந்த வாசலில் உட்கார்ந்தேன். உள்ளே கைத்தட்டல் கேட்கும்போதெல்லாம் அவள் எழுந்து நின்றாள். நான், "இன்னும் இல்ல" என்பேன். உட்காருவாள். மறுபடி எழுவாள்.

மாஸ்டர் காரில் கிளம்பினார். போகும்போது பெண்ணின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். தலையைத் தொட்டால் அவளுக்கு ஆகாது. கத்தினாள். "பாவம்" என்றார், போய்விட்டார்.

எல்லோரும் சாப்பாட்டு ஹாலுக்குப் போய்விட்டார்கள். சாம்பார் வாசனை மண்டபம் முழுக்க. இரண்டு ஆட்கள் நடராஜரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார்கள். மேடம் எங்கள் தட்டைக் கொண்டுவந்தார். அவரே எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் கட்டிவிட்டார். மைக் செட் ஆள் பாக்ஸ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, "ஒண்ணுமே வேணாம்க்கா, சும்மாவே கேக்கும்" என்று முன் வரிசையில் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மிருதங்கக்காரர் சாப்பிடப் போகவில்லை. மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

மேடையில் ஏறி நின்றேன். லாக் விழுந்தது. பெண் என் பூட்ஸைப் பார்த்து, "போலாம் ரைட்" என்றாள்.

நன்றாக ஆடினோம். இதில் அடக்கம் எல்லாம் எனக்கு வேண்டாம். நன்றாகவே ஆடினோம். பலகை மேடையில் பூட்ஸ் விழுந்தால் என்ன சத்தம் வரும் என்று நான் அதுவரை கேட்டதில்லை. அதோடு சலங்கை சேர்ந்தது. பெண் என் காலைப் பார்த்து ஆரம்பித்தவள், நடுவில் எங்கேயோ பார்ப்பதை விட்டுவிட்டாள். நேராகப் பார்த்து ஆடினாள். முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்காமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மேடம் தட்டுக்கழியை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. சாமி இல்லை, மாஸ்டர் இல்லை, எங்களை நிறுத்த யார் இருக்கிறார்கள்?

சத்தம் கேட்டுச் சாப்பாட்டு ஹாலிலிருந்து சிலர் ஈரக்கையோடு வந்து வாசலில் நின்றார்கள். சிலர் செல்போனைத் தூக்கினார்கள். ஷீல்டு கொடுக்கச் சொன்ன அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை. தன் மகள் ஆடியபோது அவள் அழவில்லையாம், விசில்தான் அடிக்கப் பார்த்தாளாம், தங்கை சொன்னாள். எங்களுக்கும் விசில் அடித்திருக்கலாம். மைக் செட் ஆள்தான் அடித்தார். பெண் அதற்கு மட்டும் காதைப் பொத்தினாள். "சாரி பாப்பா" என்றார்.

புடவை மாற்றப் பக்கத்து அறைக்குப் போனேன். காலையிலிருந்து ஆடிய பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிப் போட்டது அந்த அறையில்தான். பெரிய குவியல். அதற்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நடராஜரை வைத்திருந்தார்கள். மாலையோடு. அவசரத்தில் வைத்திருக்கிறார்கள், யாரும் பார்க்கவில்லை. செருப்புக்குக் காவல். நான் பார்த்த வேலையை இப்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடத் தெரிந்தவர்களை இவர்கள் கடைசியில் அங்கேதான் உட்கார வைக்கிறார்கள்.

பின்னாலேயே வந்த மேடம் அதைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "ஐயோ, யாரு இங்க வச்சது? யாரு இங்க வச்சது?" என்று செருப்புகளைக் காலால் தள்ளினார்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "எப்படியோக்கா, நல்லபடியா முடிஞ்சுது. அடுத்த வருஷமும் இதே மாதிரி கடைசியில வச்சுக்கலாம்" என்றார்.

"வேணாம் மேடம். அடுத்த வருஷம் சாமி மேல இருக்கட்டும். எங்க தட்டும் வரிசையில இருக்கட்டும். நான் அடியில துடைச்சிட்டு ஏறுறேன். சாமியை இறக்கினீங்கன்னா நாங்க ஏற மாட்டோம்."

"மாஸ்டர் ஒத்துக்க மாட்டாருக்கா."

"கேட்டுப் பாருங்க."

கேட்டிருக்கிறார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. தீபாவளி கழிந்து ஒரு சனிக்கிழமை நானும் பெண்ணும் ஷெட்டுக்குப் போனபோது ஈரத்துணி வழக்கம்போல வாசலில் தொங்கியது. வாசலில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தேன். மேடம் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாஸ்டர்கிட்ட பேசினேன்க்கா. ஷூவோட ஏத்துறதா இருந்தா இனிமே நான் உன் ஃபங்ஷனுக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டாரு. என்னக்கா பண்றது? எனக்குச் சொல்லிக்குடுத்தவரு."

"வர்லன்னா ஒரு நாற்காலி மிச்சம், விடுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. குனிந்து என் பூட்ஸைப் பார்த்தார். பொட்டு அழிந்து போயிருந்தது. பிறகு உள்ளே போய் ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினார். பலகையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தட்டுக்கழியை எடுத்தார். பெண் ஏற்கெனவே அவள் இடத்தில் போய் நின்று என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து காலை நீட்டினேன்.